மார்டர் கடித்த கார்: மணத்தைக் கழுவாமல் எந்தப் பாதுகாப்பும் நிற்காது

காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உதறுகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தால் மேலே வராமல் காருக்கு அடியில் சொட்டுகிறது. ஜேர்மனியிலும் சுவிசிலும் வீதியோரத்தில் கார் விடுகிற பலருக்கு இது பழகிப்போன காலை. கராஜில் போனட்டைத் திறந்ததும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: மார்டர். எஞ்சினுக்குள் ஏறி வயரையும் குழாயையும் கடிக்கிற, பூனை அளவிலான காட்டு விலங்கு அது. ஜேர்மனியில் காப்புறுதிக்கு வருகிற மார்டர் கடிகள் மட்டுமே ஆண்டுக்கு இரண்டு இலட்சம் அளவில் இருக்கின்றன.

வயரை மாற்றி, பில்லைக் கட்டி, அதே இடத்தில் திரும்பவும் காரை விடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. சில கிழமைகளில் மறுபடி கடி விழும். அதைக் கடிக்கத் தூண்டிய மணம் எஞ்சினுக்குள் அப்படியே இருக்கிறதே! அந்த மணத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. மின்தகடு, கம்பிவலை, ஒலிக்கருவி எல்லாம் அதற்குப் பிறகு.

ஆள் யார்

காரைக் கடிப்பது ஸ்டைன்மார்டர், அதாவது கல் மார்டர். உடல் 40 முதல் 54 செ.மீ., வால் 22 முதல் 30 செ.மீ., எடை ஒன்றரை இரண்டு கிலோ. பூனை அளவுதான், ஆனால் கால் குட்டை, உடம்பு நீளம். தொண்டையில் வெள்ளைத் திட்டு இருக்கும். அது கீழே இரண்டாகப் பிரிந்து முன்னங்கால்கள் வரை இறங்கும். காட்டில் வாழும் பௌம்மார்டருக்கு அந்தத் திட்டு மஞ்சளாக, அடியில் வட்டமாக முடியும். அது மனிதர்களை விட்டு ஒதுங்கியே திரியும், குடியிருப்புப் பக்கம் அரிதாகத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் கூரையில் ஓடுகிற மரநாயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மரநாய் புனுகுப்பூனை வகை. மார்டர் நீர்நாயின் குடும்பம்.

எலி, சுண்டெலி, பறவை, முட்டை, மண்புழு, விழுந்த செர்ரி, பிளம்ஸ் என்று கிடைப்பதெல்லாம் தின்னும். இந்த நகரங்களில் எலி பெருகாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் இதன் தோலுக்கு இருந்த மதிப்பு கொஞ்சமல்ல. இன்றைய குரோவாசியாவின் ஸ்லவோனியாப் பகுதியில் இடைக்காலத்தில் வரியையே மார்டர் தோலாகக் கட்டினார்கள். அந்த நாடு 1994 முதல் 2022 முடியும்வரை வைத்திருந்த கூனா நாணயத்துக்கும் மார்டரின் பெயர்தான். உங்கள் பணப்பையில் குரோவாசியாவில் அடித்த 1 யூரோ குற்றி இருந்தால் எடுத்துப் பாருங்கள், கிளையில் நிற்கிற மார்டரைக் காணலாம்.

ஏன் கடிக்கிறது

கார் கடிப்பது பழைய வழக்கமில்லை. 1970களின் கடைசியில் சுவிசின் வின்ரர்தூர் பக்கத்தில்தான் இந்தத் தொல்லை முதலில் கவனத்துக்கு வந்தது. பிறகு சுவிசிலும் தென் ஜேர்மனியிலும் பரவி, இன்று எங்கும் உண்டு.

மார்டர் தனியாக வாழும். தன் எல்லையைச் சிறுநீராலும் சுரப்பி மணத்தாலும் குறித்து வைக்கும். எஞ்சின் பகுதி அதற்குச் சூடான, மழை படாத, நாய் எட்டாத ஒளிவிடம். உங்கள் வீதியில் இருக்கிற மார்டர் உங்கள் காருக்குள் இரவிரவாகப் படுத்து எழும்பினாலும் பெரும்பாலும் எதையும் கடிக்காது. அதன் மணம்தானே அங்கே இருக்கிறது. சிக்கல் வருவது கார் வேறு ஊரில் ஒரு இரவு நின்று வரும்போது. அங்குள்ள மார்டர் ஏறித் தன் மணத்தை விட்டுவிடும். திரும்பி வந்ததும் உங்கள் வீதி மார்டருக்குத் தன் எல்லைக்குள் எதிரி நுழைந்ததுபோல இருக்கும். கண்ணில் படுகிற மெத்தென்ற ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கடித்துக் குதறும்.

கடி அதிகம் விழுவது வசந்தம் தொடங்கி கோடையின் முன்பாதி வரை. இணைசேரும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதற்கு முன்பே ஆண்கள் எல்லைக்காகச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். ஜேர்மனியின் ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவும் இதே காலத்தில்தான் வருகிறது. திருவிழாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய் இரவு தங்கி வந்தால், அடுத்த சில நாட்கள் காரைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்கினாலும் இதேதான்: விற்றவரின் வீதி மார்டர் விட்ட மணம் காரோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வரும்.

எங்கே பார்ப்பது

எஞ்சின் ஆறியிருக்கும்போது, நல்ல ரோர்ச் லைற்றோடு பாருங்கள். முதலில் போனட்டும் முன் கண்ணாடியும்: தூசியில் ஐந்து விரல் தெரிகிற கால் தடம் இருந்தால் மார்டர், நான்கு விரலென்றால் பூனை. போனட்டைத் திறந்ததும் உள்பக்கத்து ஒலித்தடுப்புப் பாயைப் பாருங்கள். பிய்ந்து பஞ்சு தொங்கினால் மார்டர் வந்து போயிருக்கிறது. முட்டை ஓடு, எலும்பு, பாண் துண்டு, முடி, எச்சம் இவையும் அடையாளங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக: பிளக் வயர்கள் (பழைய பெற்றோல் கார்களில்), சென்சர்களுக்குப் போகிற மெல்லிய வயர்கள், கண்ணாடிக்குத் தண்ணீர் போகிற குழாய், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் நீர் ஓடும் குழாய்கள். மார்டரின் பல் ஊசிபோல. பெரும்பாலும் இரண்டு சின்னத் துளைகள் பக்கத்துப் பக்கமாக இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. குழாயை விரல்களால் மெதுவாக வளைத்தால் துளை வாய் திறக்கும், கூலன்றின் நிறக் கறையும் சுற்றிலும் காய்ந்திருக்கும்.

பலர் விட்டுவிடுவது சக்கரத்துக்கு உட்பக்கம் இருக்கிற ரப்பர் உறை. அச்சின் மூட்டு இணைப்பை மூடி, உள்ளே கிரீஸை வைத்திருப்பது அதுதான். ஸ்ரியரிங் தண்டிலும் அப்படி ஒரு உறை உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கு எதுவும் நடக்காது. ஓட ஓடக் கிரீஸ் வெளியே தெறித்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், சில மாதங்களில் மூட்டே போய்விடும்; திருப்பும்போது டக்டக் என்று கேட்கத் தொடங்கும். உறை மாற்றுவது சின்னச் செலவு, மூட்டோடு மாற்றுவது பல மடங்கு. ரிம்மின் உள்பக்கத்தில் கருப்புக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கே ஒரு கடி கண்டாலும், காரை லிஃப்ற்றில் ஏற்றி இந்த உறைகளையும் பிறேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லி கராஜில் கேட்டு வாங்குங்கள்.

கடி கண்ட அன்று

வெப்பநிலை விளக்கு எரிந்தாலோ கூலன்ற் மட்டம் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தாலோ காரை ஓட்ட வேண்டாம். கராஜ் இரண்டு தெரு தள்ளித்தான் என்றாலும் இழுத்துக்கொண்டு போவதே மேல். கூலன்ற் இல்லாமல் ஓடினால் எஞ்சின் தலைப்பகுதியின் கஸ்கெற் எரிந்துவிடும். குழாய் ஒன்றோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின் திருத்தமாக மாறும். சூடான எஞ்சினில் கூலன்ற் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் உதறி, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அதுவும் நிறுத்த வேண்டிய அறிகுறிதான். எரியாத பெற்றோல் சைலன்சர் பாதையில் போய், புகையைச் சுத்திகரிக்கிற கற்றலைசரைக் கெடுக்கும்.

எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்: கால் தடம், பிய்ந்த பாய், பல் துளை கிட்டத்தில், நம்பர் பிளேற் தெரிகிற மாதிரி முழுக் கார். மாற்றிய வயரையும் குழாயையும் கராஜ் எறிந்துவிடாமல் வாங்கி வையுங்கள்.

காப்புறுதியில், கட்டாயமாக இருக்கிற ஹஃப்ற்பிளிஷ்ற் (மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கானது) மார்டர் கடிக்குத் தராது. டைல்காஸ்கோ (உங்கள் காருக்கான பகுதிக் காப்புறுதி) இருந்தால் பொதுவாகத் தரும். முழுக் காப்புறுதியான ஃபொல்காஸ்கோவுக்குள் டைல்காஸ்கோவும் அடங்கும். பத்திரத்தில் தேட வேண்டிய சொல் ‘ஃபோல்கெஷேடன்’, அதாவது கடியால் பிறகு வந்த சேதம். அது சேராத ஒப்பந்தத்தில் கடிபட்ட 20 யூரோக் குழாய்க்குத் தருவார்கள், அதனால் போன எஞ்சினுக்குத் தரமாட்டார்கள். சில ஒப்பந்தங்களில் ஒரு தொகை வரைக்கும்தான் என்று இருக்கும். நீங்களே கட்ட வேண்டிய பங்குத் தொகை 150 யூரோ என்றால் சின்ன வயர் ஒன்றுக்காக எழுதிப் பயனில்லை. ஜேர்மனியில் டைல்காஸ்கோவில் பணம் எடுத்ததற்காக உங்கள் விபத்தில்லா வகுப்பு (விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குக் கட்டணம் குறைக்கிற தரம்) இறங்காது, அந்தப் பயம் வேண்டாம்.

கழுவுதல்

திருத்தம் முடிந்த உடனே எஞ்சின் கழுவ வேண்டும். திருத்துவதற்கு முன் கழுவினால் கடிபட்ட இடங்களில் தண்ணீர் இறங்கும், அடையாளமும் போய்விடும். பல நாள் கழித்துக் கழுவினால் அதற்குள் புது வயரும் கடிபடும்.

வீட்டு முற்றத்திலோ வீதியிலோ எஞ்சின் கழுவக் கூடாது. எண்ணெய் கலந்த தண்ணீர் வடிகாலுக்குப் போவதால் ஜேர்மனியில் அது குற்றம். எண்ணெய் பிரிப்பான் உள்ள கராஜிலோ கழுவும் நிலையத்திலோதான் செய்யலாம். கராஜில் கொடுப்பதே நல்லது. எஞ்சின் கைசூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும், ஆல்ரனேற்றரையும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் பிளாஸ்டிக்கால் மூட வேண்டும், அழுத்தக் குழாயை நேரே பிடிக்கக் கூடாது. கொழுப்பு நீக்கியைத் தெளித்து, ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் கழுவி, காற்றால் உலர்த்துவார்கள். போனட்டின் உள்பக்கம், எஞ்சினின் அடித்தட்டு, சக்கர வளைவு மூன்றையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள்; மார்டர் ஏறுவதும் மணம் விடுவதும் அங்கேதான். கடித்துப் பிய்த்த ஒலித்தடுப்புப் பாய் மணத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதை மாற்றிவிடுவதே உத்தமம்.

காரை மட்டும் கழுவி, கார் நிற்கிற தரையை விட்டுவிடுவது பொதுவாக நடக்கிற பிழை. நிறுத்துமிடத்தில் சூடான தண்ணீரும் சவர்க்காரமும் ஊற்றி, கட்டைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பொது வீதியில் அது முடியாது. அங்கே இடத்தை மாற்றி மாற்றி விடாமல் முடிந்தவரை ஒரே பகுதியில் நிறுத்துங்கள்.

கழுவிய பிறகு எதைப் பூட்டுவது

நம்பிப் பணம் போடக்கூடியது மின்தகடு. மாட்டு வேலியில் ஓடுகிற மின்சாரத்தின் அதே வேலைமுறை: 12 வோல்ற் பற்றரியிலிருந்து எடுத்து, 200 முதல் 300 வோல்ற் அளவில் துடிப்பாகத் தகடுகளுக்கு அனுப்பும். தொட்டால் சுரீர் என்று அடிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆறு தகடாவது இருக்க வேண்டும். கீழிருந்து ஏறுகிற வழிகளில், கடிபடுகிற குழாய்களுக்குப் பக்கத்தில், மார்டர் உடம்பை நுழைக்கும்போது மூக்கோ பாதமோ படுகிற இடத்தில் பூட்ட வேண்டும். முடியில் பட்டால் அடிக்காது. போனட்டைத் திறந்ததும் மின்சாரம் தானாக நிற்கிற சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். இல்லையென்றால் எண்ணெய் பார்க்கப்போகிற உங்களுக்குத்தான் முதல் அடி. மாரியில் வீதி உப்பும் ஈரமும் தகட்டில் படிந்தால் மின்சாரம் கசிந்து கருவி சும்மா கிடக்கும். மார்ச்சில் ஒருமுறை தகடுகளைத் துடைத்து, சோதனை விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள்.

ஒலிக்கருவி மலிவு, பூட்டவும் சுகம். ஆனால் ஒரே சத்தத்துக்கு மார்டர் பழகிவிடும். அலைவரிசையை மாற்றி மாற்றி, இடைவெளி விட்டு ஒலிப்பதை வாங்குங்கள். உயர் அலைவரிசை ஒலி தடையைத் தாண்டிப் போகாது. எஞ்சின் மூடிக்குப் பின்னால் பூட்டினால் மூடிக்குத்தான் கேட்கும்.

கம்பிவலைக்குச் செலவு மிகக் குறைவு. முயல் கூட்டுக்குப் போடுகிற கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்து, காரின் முன்பகுதிக்குக் கீழே போட வேண்டும். சட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் நீளம். இரண்டு முன் ரயர்களுக்கும் இடையிலுள்ள உள் இடைவெளியை அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே அகலத்தை வையுங்கள், இல்லையென்றால் முதல் நாளே ரயர் ஏறிச் சட்டம் உடையும். வலையை இறுக்கி இழுக்காமல் மேடுபள்ளமாக அடிக்க வேண்டும். காலடியில் அசைகிற தரையில் நிற்க மார்டர் தயங்கும். தட்டையாக இருந்தால் நடந்து போய்விடும். சொந்த நிறுத்துமிடம் உள்ளவர்களுக்குத்தான் இது. சில மாதத்தில் பழகிவிடும் என்பதால் மின்தகடு பூட்டும்வரைக்கான ஏற்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வயர்களுக்கு நீளவாக்கில் பிளந்த, கடினமான நெளிகுழாய் உறை போடலாம். உறை போட்ட வயர் தப்பும். மார்டர் பக்கத்திலுள்ள உறையில்லாத வயருக்குப் போகும். சைலன்சர் பாதைக்குக் கிட்டப் போடக் கூடாது, உருகும்.

நாய் முடி, ரொயிலற் வாசனைக் கட்டி, பாச்சை உருண்டை, மிளகாய்த் தூள், சாம்பிராணி என்று நம்மவர்கள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு கிழமைக்கு வேலை செய்வதுபோலத் தெரியும், பிறகு மார்டர் அதோடேயே படுக்கும். முடியும் துணியும் சூடான குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும். காருக்குள் காற்று எடுக்கிற வாய் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பாச்சை உருண்டையின் நஞ்சும் மிளகாய்த் தூளும் அந்த வழியாகப் பின்சீற்றில் இருக்கிற பிள்ளையின் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் போகும்.

மின்சாரக் கார்

எஞ்சின் சூடு இல்லாவிட்டாலும் மறைவிடம் இருக்கிறது, ஆகவே மார்டர் வரும். செம்மஞ்சள் நிற வயர்களில் 400 வோல்ற், சில கார்களில் 800 வோல்ற் ஓடும். அந்த உறையில் ஒரு பல் துளை விழுந்தாலும் கார் பிழை காட்டி ஓட மறுக்கலாம். பொதுவாக அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, முழு வயரையும் மாற்ற வேண்டும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். நீங்களாகத் தொடவே கூடாது. இந்தக் காருக்கு டைல்காஸ்கோவில் மார்டர் பின்விளைவு எந்தத் தொகை வரை என்று வாங்குகிற அன்றே பார்த்து வையுங்கள். மின்தகட்டையும் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற கராஜில்தான் பூட்ட வேண்டும்.

பிடித்துக் கொண்டுபோய் விடலாமா

கூடாது. ஜேர்மனியில் மார்டர் வேட்டைச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு. அனுமதி உள்ள வேட்டைக்காரர்தான் பொறி வைக்கலாம். நாடளாவிய விதியில் வேட்டைக்காலம் அக்டோபர் 16 முதல் பெப்ரவரி கடைசி வரை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடும் உண்டு. சுவிசில் பெப்ரவரி 16 முதல் ஆகஸ்ட் 31 வரை தடை. நஞ்சு வைப்பது எக்காலமும் குற்றம்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அதில் பயன் இல்லை. காலியான எல்லைக்கு விரைவிலேயே இன்னொரு மார்டர் வந்து சேரும். அது பழையதன் மணத்தை எங்கெங்கு முகர்கிறதோ அங்கெல்லாம் கடித்து, தன் மணத்தை வைக்கும். உங்கள் காரோடு ஏற்கெனவே சமாதானமாக இருக்கிற பழைய மார்டரே உங்களுக்கு நல்லது. அதை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

கூரைக்குள் வந்துவிட்டால்

நடு இரவில் மேலே ஆள் நடக்கிற மாதிரிக் கனமான சத்தம் கேட்டால் அது எலியாக இருக்காது. மே, ஜூனில் கீச்சிடல் கேட்டால் குட்டி போட்டிருக்கிறது. குட்டி பிறப்பது மார்ச், ஏப்ரலில், பொதுவாக இரண்டு முதல் நான்கு. எச்சம் விரல் தடிப்பில், முறுக்கி, 8 முதல் 10 செ.மீ. நீளம், கோடையில் செர்ரிக் கொட்டை நிறைந்திருக்கும். ஒரே மூலையில் குவிப்பதால் சீலிங்கில் கறையும் நாற்றமும் இறங்கும்.

நுழைகிற வழியைக் கண்டுபிடிக்க, சந்தேகப்படும் ஓட்டைகளுக்கு முன்னால் மாலையில் மா தூவி, காலையில் தடம் பாருங்கள். 5 செ.மீ. இடைவெளி போதும் அதற்கு. மழைநீர்க் குழாயில் ஏறும், பக்கத்து மரத்திலிருந்து இரண்டு மீற்றர் தாவும். ஆகவே கிளைகளைக் கூரையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி வெட்டுவதும், குழாயைச் சுற்றி ஒரு மீற்றர் உயரத்துக்கு வழுக்குத் தகடு அடிப்பதும் பலன் தரும்.

ஓட்டையை அடைப்பது செப்ரெம்பர் முதல் பெப்ரவரிக்குள் மட்டுமே. மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் அடைத்தால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. குட்டிகள் பட்டினியில் செத்து அழுகும், தாய் உள்ளே வரக் கூரை ஓடுகளையே பிய்க்கும். அது கொடுமை, சட்டப்படி தண்டனையும் உண்டு. காலம் சரியென்றாலும், அடைக்கிறபோது உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டையில் கசக்கிய பத்திரிகைத் தாளைத் தளர்வாகச் செருகி வையுங்கள். நான்கைந்து இரவு அது அசையாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. தாள் வெளியே விழுந்து கிடந்தால், பகலில் கூரைக்குள் விளக்கும் வானொலியும் போட்டுச் சில நாள் தூக்கத்தைக் கெடுங்கள், தானே வேறு இடம் பார்க்கும்.

அடைக்கிற பொருள் இரும்பு வலையாக இருக்கட்டும், கண் 3 செ.மீ.க்குக் குறைவாக, சட்டத்தோடு திருகாணியால் இறுக்கி. நுரை அடித்தால் ஒரே இரவில் தோண்டிவிடும். வாடகை வீடென்றால் நீங்களாக எதையும் அடைக்க வேண்டாம். சத்தம் கேட்ட திகதி, எச்சத்தின் படம், கறையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஆகஸ்டிலேயே கொடுத்தால்தான் செப்ரெம்பரில் கூரைவேலைக்காரரை அனுப்புவார்கள்.